மாதங்கி: சில குறிப்புகள்

போகி விடியலில் எங்கள் ஊர் சாலவாக்கத்தில் ‘காட்டுக்குயிலு’ ஒலிக்காத வருஷம் இல்லை. 1991இல் வந்த ‘தளபதி’. இளையராஜா இசை, யேசுதாஸ், எஸ்.பி.பி. குரல். டயர் கொளுத்தும் பையன்கள் அந்தப் படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். அந்தப் பாட்டின் தாளத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, 2007இல் லண்டன் பாடகி ஒருவர் தன் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அடியில் வைத்தார். பாட்டு ‘பாம்பூ பங்கா’. ஆல்பம் ‘கலா’. கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர்.

பாடகியின் மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. வீட்டில் மாயா. முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். உலகத்தில் அதிகம் பேர் கேட்ட தமிழ்ப் பெண் குரல்களில் ஒன்று இது என்று தயங்காமல் சொல்லலாம். அவரைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகக் குறைவு. எழுதியதிலும் பெருமையடிப்பதுதான் அதிகம். வேலையைப் பார்த்து எழுதியவர்கள் எங்கே?

*

1975 ஜூலை 18, லண்டன், ஹவுன்ஸ்லோ. ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம். அப்பா ஒரு பொறியாளர். அருளர் என்ற பெயரில் எழுதியவர். 1977 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழர்களை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவல் எழுதினார். மகள் பிறந்த அதே 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தின் தொடக்கக்காரர்களில் ஒருவர்.

மேற்கத்திய பத்திரிகைகள் பல காலம் அவரைப் புலி என்றே எழுதிக்கொண்டிருந்தன. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு. இங்கே எண்பதுகளில் பேப்பர் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அந்த எண்பதுகளில், உத்திரமேரூர் டீக்கடையில் கூட டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், புளொட் என்று பெயர் சொல்லிச் சண்டை போட ஆள் இருந்தார்கள். லண்டன், நியூயார்க் பத்திரிகை ஆசிரியர்களுக்கு எல்லாம் ஒரே புலி.

*

யாழ்ப்பாணத்தில் ராணுவம் அப்பாவைத் தேடி வர, அம்மா கலா மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு சென்னை வந்தார். பாழடைந்த ஒரு வீட்டில் குடியிருப்பு. அப்பா எப்போதாவது வந்து போவார். பிள்ளைகளுக்கு அவரை அப்பா என்று சொல்லவில்லை, உறவுக்காரர் என்றே சொல்லிவைத்தார்களாம். பிறகு மறுபடியும் யாழ்ப்பாணம். 1986இல், மாயாவுக்குப் பதினோரு வயது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அகதியாக லண்டன்.

சாலவாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் செங்கல்பட்டு. அங்கே சிறப்பு முகாம் என்ற பெயரில் ஈழத் தமிழர்களை வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பம் சென்னையிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. இந்தப் பெண் ஏதோ ஒரு முகாமின் தகர ஷீட்டுக்குக் கீழே வளர்ந்து, மாதா மாதம் பணக்கொடை வாங்க வரிசையில் நின்றிருப்பார். பாட்டு வந்திருக்குமா? வந்திருந்தாலும் முகாம் கேட்டுக்கு வெளியே யார் கேட்டிருப்பார்கள்?

*

அம்மாவைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

தென் லண்டனில் மிட்சம் பகுதியில், ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கையில் இருந்தது ஊசி நூல். ஆங்கிலம் பேசத் தேவையில்லாத, குறைந்தபட்சக் கூலி தரும் கைத்தையல் வேலை ஒன்று கிடைத்தது. அரச பட்டங்கள் வாங்குகிறவர்களின் நெஞ்சில் குத்தும் பதக்கங்களுக்கு ரிப்பன் தைக்கும் வேலை. 33 வருஷம் தைத்தார். இங்கிலாந்தில் இதைக் கையால் தைக்கிற இரண்டே பெண்களில் அம்மா ஒருவர் என்று மகள் பின்னால் எழுதினார்.

2019இல் மகளுக்கு எம்பிஇ பட்டம் அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியம் கையால் வாங்கிக்கொண்டார். அரசையும் ராணுவத்தையும் காலமெல்லாம் பாட்டில் திட்டியவர் இதை எப்படி வாங்கலாம் என்று கேட்டவர்கள் உண்டு. அம்மா தைத்த பொருள் என்பதால் வாங்குகிறேன் என்பது அவருடைய பதில். எனக்கு அந்தப் பதில் போதும். பட்டத்தை மறுத்த எழுத்தாளர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் யாருடைய அம்மாவும் அதற்கு ரிப்பன் தைக்கவில்லை.

*

மிட்சம் வீட்டில் திருடன் வந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாட்டு இல்லாமல் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் போட்ட ஹிப் ஹாப் சுவர் வழியாகக் கேட்டது. பாட்டின் சொல் புரியாத வயது, அடி மட்டும் புரிந்தது. மாயா பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை இது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். கலைஞர்கள் தங்கள் பால்யத்துக்குப் பாலிஷ் போடுவது புதிதல்ல.

*

பாட்டுக்காரியாக ஆகும் எண்ணமே அவருக்கு இல்லை. படித்தது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. நுண்கலை, திரைப்படம், வீடியோ. 2000இல் பட்டம். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி மெனஸ்’ ஆல்பத்துக்கு அட்டை செய்தார். அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கேமரா தூக்கினார். 2001இல் போர்ட்டபெல்லோ தெருவில் ஒரு கடையில் முதல் ஓவியக் கண்காட்சி. புலி, பனைமரம், துப்பாக்கி, குண்டு, எல்லாம் பஞ்சுமிட்டாய் நிறத்தில், ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரே அடித்தது. வாங்கியவர்களில் நடிகர் ஜூட் லாவும் ஒருவர். ‘மாற்று டர்னர் பரிசு’க்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

இவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது ஒன்றுதான், அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். எம்.ஐ.ஏ. பாடகியாக மாறிய ஓவியர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் மாறவே இல்லை. பாட்டிலும் ஸ்டென்சில்தான் வெட்டினார். அரசியலிலும் அதையே வெட்டினார். அவருடைய பலம், பலவீனம் இரண்டும் அங்கே இருக்கின்றன.

*

ஸ்டென்சில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எங்கள் பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். கல் குவாரி, கிரஷர் நிறைந்த பகுதி. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் நாள் முழுக்க ஓடும். லாரிக்கு நம்பர் எழுத, எடை எழுத, பர்மிட் விவரம் எழுத பெயிண்டர் வேண்டும்.

பெயிண்டர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் அவருக்கு அட்டை. யாருடையதோ நெஞ்செலும்பு. அதன்மேல் எழுத்தை வரைந்து பிளேடால் வெட்டுகிறார். ஒன்று, ஏழு எல்லாம் சுலபம். எட்டில்தான் சூட்சுமம். எட்டை அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் இரண்டு வட்டமும் கழன்று விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் நூல் அகலத்துக்கு வெட்டாமல் விடுகிறார், உள் வட்டம் அதில் தொங்கிக்கொண்டு நிற்கும். அட்டையை டெயில்போர்டில் வைத்து அழுத்திப் பிடித்து ஸ்ப்ரே அடித்து எடுத்தால், எட்டு நடுவில் அறுந்தே நிற்கிறது. பத்தடி தள்ளிப் பார்த்தால் அறுந்தது தெரியாது. எட்டுதான்.

ஓரம் கத்தி மாதிரி இருக்கும், தூரத்திலிருந்து தெரியும், எத்தனை லாரிக்கும் அதே அட்டை போதும். ஆனால் நிழல் வராது. பெயிண்ட் விழுந்த இடம், விழாத இடம், இரண்டே நிலைதான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் தூரிகை எடுக்க வேண்டும்.

*

வெட்டி ஒட்டுவது பிரிட்டனில் ஒரு மரபு. 1956இல் ரிச்சர்ட் ஹாமில்டன் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து ஒரு வரவேற்பறையை ஒட்டி உருவாக்கினார். நடுவில் ஒரு பயில்வான், அவன் கையில் ‘பாப்’ என்று எழுதிய பெரிய லாலிபாப். பாப் ஆர்ட்டின் வரலாற்றை எழுதுகிற பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 1967இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு அட்டை செய்தார்கள். நடிகர், எழுத்தாளர், சாமியார் என்று ஒரு கும்பலே வெட்டி நிறுத்தப்பட்டது. பரமஹம்ச யோகானந்தர் கூட இருக்கிறார். காந்தியும் இருந்தார், இந்தியாவில் வம்பு வரும் என்று கம்பெனி பயந்து அவரை எடுக்கவைத்தது. அந்த அட்டைக்கு பிளேக்குக்குக் கிடைத்தது 200 பவுண்டு.

நம் ஊர் காதணி விழா ஃப்ளெக்ஸைப் பார்க்கிறேன். நடுவில் காது குத்தும் குழந்தை. சுற்றி அம்பேத்கர், அஜித், தாய்மாமன்கள், ஒரு சிங்கம், ஒரு ராயல் என்ஃபீல்டு. மேலே மேகத்தில் இறந்துபோன தாத்தா. செய்தவன் கம்ப்யூட்டர் சென்டர் பையன், பாப் ஆர்ட் என்ற பெயரே கேட்டிருக்க மாட்டான். வேலை பிளேக்கின் வேலைதான். என்ன, இதை மியூசியத்தில் யாரும் மாட்டமாட்டார்கள்; மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகும்.

*

எலாஸ்டிகா பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி அவரிடம் ரோலண்ட் எம்சி-505 கருவியைக் கொடுத்துத் தட்டிப்பார்க்கச் சொன்னார். தாளம், பேஸ், கீபோர்டு எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய கருவி. இசை படிக்காதவருக்கும் கை ஓடும். 2003இல் ‘கலாங்’ என்ற பாட்டு 500 வினைல் தட்டுகளாக வந்தது. அதற்குப் பின்னால் எடுத்த வீடியோவில் மாயா ஆடுகிறார். பின்னால் சுவர் முழுக்க அவருடைய ஸ்டென்சில் ஓவியங்களே ஓடுகின்றன. புலி, பனைமரம், டாங்கி. கண்காட்சியில் விற்ற படத்தையே பாட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்.

2005இல் முதல் ஆல்பம் ‘அருளர்’. காணாமல்போன அப்பாவின் பெயரை வைத்தால் இணையத்தில் தன் பெயரைத் தேடும்போதாவது அவர் கண்ணில் படும் என்ற கணக்கு. பட்டது. பெயரை மாற்று என்று அப்பாவிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாம். மாற்றவில்லை. அந்த ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதிலிருந்த ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்டிவி அதை ஒளிபரப்ப மறுத்தது.

அப்பா 2019 டிசம்பரில் இறந்தார்.

*

‘கலா’தான் பெரிய வேலை.

2006இல் அமெரிக்கா விசா தரவில்லை. அங்கே உட்கார்ந்து ஆல்பம் செய்வதாகத் திட்டம், அது கெட்டது. கெட்டதால் வந்த நன்மையைப் பாருங்கள்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, போன இடத்தில் எல்லாம் பதிவு செய்தார். சென்னையில் ரகுமானின் ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை வரவழைத்து அடிக்கச் சொன்னார். ‘பாய்ஸ்’ பாட்டில் கேட்பது அந்த அடி. ‘பேர்ட் ஃப்ளூ’வில் உறுமியோடு ‘ஜெயம்’ படத்துத் திருவிழாப் பாட்டின் துண்டும் இருக்கிறது. ‘ஜிம்மி’ என்ற பாட்டு 1982 ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துப் பாட்டேதான். சின்னப் பிள்ளையாக விருந்துகளில் ஆடிக்காட்டிய பாட்டு.

உறுமி எங்கள் பக்கத்து வாத்தியம் இல்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் அம்மனுக்குப் பம்பை, உடுக்கை, சிலம்பு. உறுமி தெற்கிலும் மேற்கிலும் சாமி அழைக்க, எழவுக்கு. இரண்டு முகம், இடை சிறுத்த மரக்கூடு. ஒரு முகத்தில் நேர்க் குச்சியால் அடி. மற்ற முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பில் வருகிற முனகல்தான் அதன் உயிர். அடியை மெஷினில் செய்துவிடலாம். முனகலைச் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொண்டுதான் எம்சி-505காரி சென்னை வரைக்கும் வந்திருக்கிறார்.

ஊரில் பம்பை அடிக்கும் பெரியவர் ஒருவருக்கு ‘பேர்ட் ஃப்ளூ’வைப் போட்டுக்காட்டினேன். முதல் தடவை முகத்தில் எதுவும் இல்லை. இரண்டாவது தடவை விரல் துடையில் தட்டியது.

“உறுமி சார் இது. தெக்கத்திக்காரங்க அடி.”

“எப்படி இருக்குண்ணா?”

“அடி நல்லாத்தான் கீது. ஆனா சாமி ஏறி வர்ற நேரம் பார்த்து வுட்டுட்டுப் பூடறாங்களே.”

இத்தனை வருஷத்தில் ‘கலா’ பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதைச் சொல்லவில்லை. பம்பையில் சாமி வர ஒரு மணி நேரமாகும், இரண்டு மணி நேரமும் ஆகும். அடி மெதுவாக ஏறும், ஆளுக்கு ஆள் பார்த்து மாறும். மாயா எடுத்தது உச்சத்தின் துண்டு மட்டும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. மூன்று நிமிஷமும் உச்சம். நிழல் இல்லாத தாளம்.

*

‘பேப்பர் பிளேன்ஸ்’ பற்றிச் சுருக்கமாக. விசா மறுக்கப்பட்ட எரிச்சலில் பிறந்த பாட்டு. அடியில் ஓடுவது கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் 1982 பாட்டுத் துண்டு. நடுவில் துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், குழந்தைகளின் கோரஸ். வந்தேறிகள் எல்லாம் கொள்ளையடிக்க வருகிறவர்கள் என்று நினைக்கிறவனை நக்கலடிக்கும் பாட்டு. நக்கல் புரியாமல் ரசித்தவர்களும் லட்சக்கணக்கில். 2008இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம். எம்டிவி துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கி ஒளிபரப்பியது.

அந்தப் பாட்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் வந்தது. அதே படத்துக்காக ரகுமானும் மாயாவும் சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. பரிசு அதே படத்தின் ‘ஜெய் ஹோ’வுக்குப் போனது. 2009 பிப்ரவரி 8, கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு ஆடினார். டாக்டர் சொன்ன பிரசவத் தேதியே அன்றுதான். மூன்றாவது நாள் பையன் பிறந்தான்.

*

மேடையில் அவர் ஆடிய அந்தப் பிப்ரவரியில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் வாசலில், அந்தப் போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் தீக்குளித்தார். உத்திரமேரூரிலும் கறுப்புக்கொடி ஏறியது, தெருமுனைக் கூட்டம் நடந்தது. மே 18 வரை அப்படியே போனது, பிறகு எல்லாம் முடிந்தது.

அந்த மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போய் உட்கார்ந்து இனப்படுகொலை என்று சொன்ன தமிழர் எத்தனை பேர்? மாயா சொன்னார். பாட்டோடு நிற்கட்டும், அரசியல் வேண்டாம் என்ற தொனியில் இலங்கை அரசுத் தரப்பு பதில் சொன்னது. அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று எழுதினார்கள். டைம் பத்திரிகை அந்த வருஷத்தின் செல்வாக்கு மிக்க நூறு பேரில் அவரைச் சேர்த்தது.

இந்த இடத்தில் ஸ்டென்சில் வேலை செய்தது. நிழல் பார்க்க நேரமில்லாத சமயம். தூரத்திலிருந்து தெரிகிற கறுப்புக்கோடு ஒன்று தேவைப்பட்டது, அதைப் போட்டார். புலிகளின் தவறு, மக்களைப் பிடித்து வைத்தது, அதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. இல்லைதான். அப்போது அதைவிட அந்தக் கோடு முக்கியம் என்பது என் கட்சி.

2010இல் ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோ. செம்பட்டை முடிப் பையன்களைப் போலீஸ் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சுடுகிறது. இயக்கியவர் ரொமெய்ன் கவ்ராஸ். யூடியூப் அதைக் கட்டுப்படுத்தியது. உண்மையான கொலை வீடியோக்களைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டவர்கள் நடிகர்களின் பொய் ரத்தத்தைப் பார்த்துப் பதறினார்கள். கலை என்ற அளவில் எனக்கு அந்த வீடியோ பிடிக்காது, முரட்டு வேலை. ஆனால் அது யாரைக் குத்த வந்ததோ அவர்களைச் சரியாகக் குத்தியது.

*

2012 பிப்ரவரி 5. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் இடைவேளை. மடோனாவோடு மேடையில் நின்று கேமராவுக்கு நடுவிரலைக் காட்டினார். போட்டியை நடத்தும் அமெரிக்கக் கால்பந்து சங்கம் கேட்ட நஷ்டஈடு மொத்தம் 1 கோடியே 66 லட்சம் டாலர். 2014இல் வெளியில் சொல்லாமல் சமரசம். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை, ஆனால் அமெரிக்காவில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இதுதான்.

*

2013இல் ‘மாதங்கி’ ஆல்பம். தன் பெயர் ஒரு தெய்வத்தின் பெயர் என்பதை நாற்பதை நெருங்கும்போதுதான் ஆழமாகத் தேடிப் படித்திருக்கிறார். தசமகா வித்யைகளில் ஒருத்தி. பச்சை நிறம், கையில் வீணை, இசைக்குத் தெய்வம். சேரியில் வளர்ந்தவள் என்று புராணம். எச்சில் படைத்தாலும் ஏற்றுக்கொள்கிற தெய்வம். இளையராஜாவின் துண்டு, கிளாஷின் துண்டு, டிஸ்கோ டான்ஸரின் துண்டு என்று மிச்சத்தை எடுத்துச் சமைக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. ஆல்பம் அந்த அளவுக்கு இல்லை. அதில் ‘பேட் கேர்ள்ஸ்’ மட்டும் நிற்கும்.

*

பின்னால் வந்த வருஷங்களை வேகமாகக் கடக்கிறேன். 2015இல் ‘பார்டர்ஸ்’, அகதிகள் வேலியில் ஏறும் வீடியோ. காட்சி அழகு, பாட்டு வறட்சி. 2016இல் கறுப்பர் இயக்கத்தைப் பற்றிச் சொன்ன கருத்தால் லண்டன் ஆஃப்ரோபங்க் விழா மேடை போனது. 2020இல் டிராவிஸ் ஸ்காட்டின் பாட்டில் பாடி பில்போர்டு முதலிடம். அதே வருஷம் தடுப்பூசிக்கு எதிராகப் பேச்சு. 2022இல் ‘மாதா’ ஆல்பம். இயேசு தனக்குக் காட்சி தந்ததாக அறிவிப்பு. 2024இல் செல்போன் அலைகளைத் தடுக்கும் துணி என்று ‘ஓம்னி’ என்ற பெயரில் வியாபாரம்.

ரசிகர்கள் இதை ஒரு விழுகையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே கைதான். இனப்படுகொலையைப் பற்றிப் பேசும்போது உலகமே மறைக்கிறது என்றார், அது உண்மையாக இருந்தது. தடுப்பூசிக்கும் அதே அட்டையை வைத்து அதே ஸ்ப்ரேயை அடித்தார். லாரி மாறிவிட்டது என்பதைப் பார்க்கவில்லை. தூரிகை பழகாத ஓவியருக்கு நேரும் கதி. தொற்றுநோய்க் காலத்தில் இங்கே எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் ஊசி போட்டால் ஆள் செத்துப்போவான் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய சமயம். பெரிய பெயருள்ளவர்கள் அப்படிப் பேசினால் அதன் விலையை யாரோ கொடுக்கிறார்கள். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

*

அரக்கோணம் அறிவு ஞாபகம் வருகிறார். 2021 மார்ச்சில் தீயும் அவரும் சேர்ந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இலங்கையிலிருந்து துரத்தப்பட்ட இரண்டு தமிழ் வம்சம். ஒன்று லண்டன் போய் உறுமியைத் தேடித் திரும்பி வந்தது, இன்னொன்று அரக்கோணத்தில் இறங்கி ஒப்பாரியை எடுத்துக்கொண்டது. அறிவின் பாட்டில் பாட்டி வருகிறாள், தாத்தன் வருகிறான், நட்ட மரம் வருகிறது. மாயாவின் பாட்டில் ஆள் வரமாட்டார்கள், சின்னங்கள்தான் வரும். யார் பெரியவர் என்ற கேள்விக்கே நான் போகவில்லை. ஆனால் 2005இலேயே ஒரு தமிழ்ப் பெண் கதவை உதைத்துத் திறந்திருக்கிறாள் என்பதை இங்கே ராப் பாடுகிற பையன்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

*

ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ ஆவணப்படம் 2018 சன்டான்ஸில் சிறப்புப் பரிசு வாங்கியது. இயக்குநர் அவருடைய கல்லூரித் தோழர். மாயாவே வருஷக்கணக்கில் எடுத்துக் குவித்த வீடியோக்கள்தான் படத்தின் கரு. 2001இல் யாழ்ப்பாணம் போய் உறவுக்காரர்களை எடுத்த காட்சிகள் அதில் இருக்கின்றன. பாட்டில் கிடைக்காத சாம்பல் நிறம் அந்தக் காட்சிகளில் கிடைக்கிறது. பாட்டிகளும் அத்தைகளும் கேமராவைப் பார்த்து உனக்கு என்ன தெரியும், நீ லண்டன் போய்விட்டாய் என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாயா பதில் சொல்ல முடியாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் ஆவணப்பட இயக்குநராகவே இருந்திருந்தால் ஒரு நல்ல இயக்குநர் கிடைத்திருப்பார். நமக்குக் ‘கலா’ கிடைத்திருக்காது.

*

கேட்காதவர்களுக்கு: ‘கலா’விலிருந்து தொடங்குங்கள், ‘அருளர்’ அடுத்தது. ‘பேர்ட் ஃப்ளூ’வை செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், உறுமியின் முனகல் அதில் எடுபடாது, நல்ல ஹெட்போன் வேண்டும். அதன்பிறகு லவ்ரிட்ஜ் படம். ‘மாதா’வைக் கேட்காவிட்டால் நஷ்டமில்லை.